வரைவும் எழுத்தும்

"அந்தப் பிள்ளைக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஓம், எழுத்து முடிந்துவிட்டது" என்று மற்றவர் விடை பகர்கிறார். கேட்டவரும் தலையசைத்து அமைகின்றார். யாழ்ப்பாணத்திலும், யாழ்ப்பாணத்தார் குடிபுகுந்த பிற நாடுகளிலும் இவ்வுரையாடல் நாடோறும் நிகழ்கின்றது. வினாவில் ஒரு சொல்லும் விடையில் வேறொரு சொல்லும் இருக்க, இரண்டும் ஒன்றென்றே இருவருங் கொள்கின்றனர். அவை ஒன்றல்ல. அவ்வேற்றுமையை உணராமையால் நம்மவர் வீடுகளிற் சில பெண்கள் படும் துன்பம் சிறிதன்று. சொல்லாராய்ச்சி பண்டிதர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணும் அன்பர்கள் இம்மலரின் இப்பக்கங்களைப் புரட்டிவிடாது சற்றே பொறுத்தருள்வாராக.

நிச்சயதார்த்தம் என்பது வடசொல். நிச்சிதார்த்தம் என்பதே அதன் செவ்விய வடிவம். 'துணியப்பட்ட பொருள்' என்பது அதன் கருத்து. வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்தலின் நிச்சயதாம்பூலம் என்றும் வழங்கும். தமிழகத்துச் சில சமூகத்தார் பரிசம் போடுதல் என்பர். இவை யாவும் ஒரு நாளையோ ஒரு சடங்கையோ குறிப்பன. துணிந்தவர் யார், துணிந்தபின் எவர்க்கு என்ன கடன் உண்டு என்பனவற்றை இச்சொற்கள் சொல்லா. இவற்றுக்கெல்லாம் முற்பட்டதாய், இவற்றினும் பொருள் செறிந்ததாய் நம் மொழியில் ஒரு சொல் இருந்தது. அதுவே வரைவு.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரிடம் வரைவு என்றால் என்ன என்று ஒரு முறை வினவினேன். சட்டமூலத்தின் முதற்படி என்று சிறிதுந் தயங்காது கூறினார். அவர் கூறியது தவறன்று. இன்று அச்சொல் அப்பொருளிலேதான் உயிர்வாழ்கின்றது. கந்தோர்களில் வரைவு உண்டு, வரைவுக் குழுவும் உண்டு. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் பாட்டின்கீழ் நிற்குங் குறிப்புகளில் 'வரைவு கடாயது', 'வரைவு நீட்டித்தவிடத்து' என வரும்போதோ, மாணவர் மனனஞ் செய்து கடந்துபோகின்றனர்.

வரை என்னும் அடியை நோக்குவோம். அது கோடு, எல்லை. இதுவரை, நாளைவரை என்று நாம் பேசுவதும் அதுவே. எல்லையிட்டு அறுதி செய்தல் வரையறை. எல்லையின்றி வழங்குவோன் கொடை வரையாத கொடை. கோடு கீறுதலினின்றும் எழுதுதல் என்ற பொருள் கிளைத்தது. ஓவியம் வரைகிறோம், கடிதம் வரைகிறோம். இனி, ஒருவன் ஒருத்தியைத் தனக்கென்று எல்லையிட்டுக் கோடலும், அவள்பொருட்டுத் தன்னை எல்லையிட்டுக் கோடலும் வரைவு ஆயிற்று. திருக்குறளிலே பொதுமகளிரைப் பற்றிய அதிகாரம் வரைவின்மகளிர் எனப் பெயர் பெற்றது. ஆவார் ஆகாதார் என்னும் வேறுபாடு இல்லாதவர் என்று பரிமேலழகர் அதனை விளக்கிச் செல்கின்றார். ஆகவே வரைவு என்ற சொல்லின் உள்ளே இருப்பது மகிழ்ச்சியன்று, மேளமன்று, விருந்துமன்று, ஒரு கோடு.

அகராதிகள் வரைவுக்குத் திருமணம் என்று பொருள் எழுதும். அது பிழையென்று யான் சொல்லேன். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்திலே களவியலுக்கும் கற்பியலுக்கும் நடுவே வரைவியல் என ஓர் இயலே அமைந்து, கரணத்தோடு கூடிக் கொள்ளுதலையே வரைவு என்று உரைக்கின்றது. ஆயினும் வழக்கினை உற்றுநோக்கின், அச்சொல்லின் எல்லை மணநாளோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவாகும். அயலார் பெண் கேட்டு வருதல் நொதுமலர் வரைவு. அங்கே மணம் இன்னும் நிகழவில்லை. கேள்வி மாத்திரமே நிகழ்ந்திருக்கிறது. பெண்ணின் சுற்றத்தார் மறுப்பின் அது வரைவு மறுத்தல். தலைவன் நாட்கடத்தின் வரைவு நீட்டித்தல். தோழி அவனை நெருக்கிக் கேட்பின் வரைவு கடாதல். கேட்டல் தொடங்கிக் கைப்பிடித்தல் ஈறாகவுள்ள வழி முழுவதற்கும் அது பெயர். மணநாளுக்கென்று மன்றல், வதுவை, கரணம் எனத் தனிச்சொற்கள் உளவாதலும் நினைக்கத்தக்கது.

இச்சொல்லின் வினைக்கு எழுவாய் யார் என்று வினாவுதல் வேண்டும். வரைபவன் தலைவன். கடாவப்படுபவனும் அவனே. 'எப்போது வரைவாய்?' என்ற கேள்வி அவனை நோக்கியே எழும். அவன் வரைபொருள் தேடிச் சுரங்கடந்து செல்வான். அப்பொருள் பெண்வீட்டாரிடமிருந்து வருவதன்று, அவன் ஈட்டிக் கொணர்ந்து கொடுப்பது. நம் நாட்டில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை வகுத்த தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்திலிட்டபோது, பொருள் பெண்வீட்டினின்று பெண்ணோடு செல்லும் வழக்கம் வேரூன்றி நின்றது. சீதனம் பெண்ணுக்குரிய ஆதனம் என்பதே அதன் கருத்து. அக்கருத்து நடைமுறையில் எவ்வளவு தேய்ந்தது என்பதை விரிப்பின் இக்கட்டுரை வேறு திசை செல்லும். மணத்துக்கு முன் யார்மீது கடன் சுமத்தப்படுகிறது என்பது தலைகீழாயிற்று என்று மட்டும் கூறி அமைகின்றேன்.

வரைவுக்கு இசைவு பெற்றபின், மணத்துக்கு முன்னர், பொருளீட்டத் தலைவன் பிரிந்து செல்லுதலை 'வரைவிடை வைத்துப் பிரிதல்' என்பர் இலக்கணமுடையார். இன்று நாம் நிச்சயித்து வைத்திருக்கிறோம் என்கிறோமே, அந்த இடைக்காலம் இதுவேயாம். அவ்விடைக்காலத்துக்கும் விதி உண்டு. தொல்காப்பியர் களவியலின் முடிவிலே ஒன்று கூறுகின்றார்: காதல் ஊரறிய வெளிப்பட்டுவிடின், அது கற்புக்கு ஒப்பானதே எனினும், கல்விக்காகவோ போருக்காகவோ தூதுக்காகவோ தலைவியை வரையாது பிரிந்து செல்லுதல் தலைவனுக்கு இல்லை. உரையாசிரியர் கொண்ட பொருள் இது. வரைபொருளுக்குச் செல்லலாம், அது அவள்பொருட்டுச் செல்வது. மற்றைய மூன்றும் எத்துணை உயர்ந்தனவாயினும் அவன்பொருட்டோ அரசன்பொருட்டோ செல்வன. அவற்றை முன்னிட்டு அவளைக் காத்திருக்க வைத்தல் ஆகாது. இவ்விதியை இயற்றியவர் ஒரு பெண்ணின் தந்தையாய் இருந்திருப்பாரோ என்று நான் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

இனி, வாக்குறுதி வேறு, வரைவு வேறு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தலைவன் மலையுறை கடவுளை வணங்கி, அருவிநீர் பருகிச் சூளுரைத்துத் தலைவியைத் தெளிவிக்கின்றான். அவ்வளவு செய்தும் தோழி அமைதி கொள்ளவில்லை. செவிலித்தாயிடஞ் சென்று அறத்தொடு நிற்கின்றாள். சூள் அவளுக்கு மட்டும் உரைத்தது. வரைவு சுற்றத்தார் அறிய உரைப்பது. அதே புலவர் குறுந்தொகையிற் பாடிய ஒரு தலைவி, அன்று அங்கே வேறொருவரும் இலர், மீன் பார்த்திருந்த நாரை ஒன்றே நின்றது, அவன் மறுத்தால் யான் என்செய்வேன் என்று ஏங்குகின்றாள். பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியம் கற்பியலிற் கூறுவதன் காரணம் இந்த நாரையைப் பார்த்தவர்க்கு விளங்கும்.

பொய்த்தவனை என்செய்தனர்? அகநானூற்று 256ஆம் பாட்டிலே கள்ளூர் நிகழ்ச்சி ஒன்று பேசப்படுகிறது. ஒருத்தியின் நலங்கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று சூளும் உரைத்தான். ஊரவை சாட்சிகளிடம் உசாவி உண்மை தெளிந்தது. அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையிலே நீற்றைப் பெய்தனர். அத்தண்டத்தை மீண்டும் கொணர்க என்று யான் வேண்டவில்லை. அவை கூடி ஆராய்ந்த பொருள் எது என்பதே என் கருத்து. பெண் எப்படிப்பட்டவள் என்று அவர் உசாவவில்லை. அவன் சொன்னது மெய்யா பொய்யா என்றே உசாவினர். பேசி முடித்த கலியாணம் இன்று குலைந்ததென்றால் நம் ஊரார் முதலிற் கேட்பது என்ன? "பெட்டையில் என்ன குறை?" என்பதன்றோ?

நம் வழக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே சாதகப் பொருத்தம் பார்த்துப் பேச்சுக்கால் தொடங்குவர். இரு பகுதியாரும் மனமொத்தபின் நாள் வைப்பர். தாலிக்குப் பொன்னுருக்குவர். இவை ஒவ்வொன்றும் தத்தம் பெயராலேயே வழங்கும். ஒன்றை மற்றொன்றென எவரும் மயங்குவதில்லை. மயக்கம் விளைந்தது எழுத்து என்ற சொல்லில் மட்டுமே. விவாகப் பதிவாளர் முன்னிலையில் இருவரும் கையொப்பம் இடுதலை எழுத்து என்கிறோம். தாலிகட்டும் நாளிலேயே எழுதுவோரும் உளர். பலர் அதற்குப் பல மாதங்கள் முந்தியே எழுதிவிடுகின்றனர். எழுதியபின் மாப்பிள்ளை தம் வீட்டுக்கும் பெண் தன் வீட்டுக்குமாய் இருப்பர். தாலி ஏறும்வரை அவர்கள் கணவன் மனைவியர் அல்லர் என்பது ஊரின் கொள்கை. எழுத்து என்றால் நிச்சயம் உறுதியாயிற்று என்பது அவர்கள் துணிபு.

சட்டமோ வேறு சொல்லும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் முறைப்படி நிகழ்வது விவாகமே. விவாகம் செய்வதாகக் கூறும் வாக்குறுதி அன்று. வாக்குறுதியைப் பற்றியும் அச்சட்டம் பேசுகின்றது. விவாகஞ் செய்வேன் என்று ஒருவன் வாக்களித்தான் என்பதற்காக அவனை விவாகத்துக்கு வலிந்து இழுக்குமாறு எந்நீதிமன்றிலும் வழக்குத் தொடுத்தல் இயலாது. வாக்குத் தவறியமைக்கு நட்டஈடு கேட்கலாம். அதற்கும் அவ்வாக்கு எழுத்தில் இருத்தல் வேண்டும். வெற்றிலை மாற்றியதும் மோதிரம் இட்டதும் போதா. ஆகவே நிச்சயதார்த்தம் குலைந்தால் சட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் நிகழவில்லை. எழுத்து குலைந்தாலோ, குலைவதற்கே வழியில்லை. விவாகரத்துக்கு நீதிமன்றம் ஏறல் வேண்டும். அச்சட்டம் வகுத்த காரணங்களோ மூன்று: பிறர்மனை நயத்தல், வன்மத்தோடு கைவிடுதல், மணக்காலத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது அவற்றுள் இல்லை. ஒரு நாளேனும் ஒரு வீட்டில் வாழ்ந்திராத இருவர், விவாகரத்துப் பெற்றவர் என்ற பெயரோடு அடுத்த சம்பந்தத்துக்குக் காத்து நிற்கின்றனர். அப்பெயரின் பாரம் இருவர்க்கும் ஒப்பப் பகிரப்படுவதில்லை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1983க்குப் பின்னர் நம்மவர் பெருந்தொகையாய்ப் புலம்பெயர்ந்தமையால் இம்மயக்கம் பன்மடங்காயிற்று. கனடாவிலோ இங்கிலாந்திலோ இருந்து மாப்பிள்ளை சில வார விடுமுறையில் வருகின்றார். மனைவியென்று காட்டியே பலர் விசாவுக்கு விண்ணப்பிக்க எண்ணுகின்றனர். ஆதலின் எழுத்து உடனே நடக்கின்றது. தாலி பிறகு, அங்கே போனபின், அல்லது அவர் மறுமுறை வரும்போது. பெண் காத்திருக்கின்றாள். மாதம் ஆண்டாகின்றது. அவள் சட்டத்துக்கு மனைவி; ஊருக்கு நிச்சயிக்கப்பட்டவள்; தன் மனத்துக்கு எது என்று அவளே அறியாள். தொலைபேசி அழைப்புக் குறைந்து குறைந்து நின்றுவிட்ட வீடுகளை யான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள். வரைவு நீட்டித்தல் என்னும் பழந்துறைக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டா. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அன்று நீட்டித்தவனைக் கடாவத் தோழி இருந்தாள். இன்று பெண்ணின் தகப்பனார், 'நாம் நெருக்கிக் கேட்டால் அவர்கள் முறித்துவிடுவார்கள்' என்று அஞ்சி வாய்மூடி இருக்கின்றார். கடாவுதற்கு உரியவரே கடாவ அஞ்சுகின்றார்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். எழுத்து முந்தி நடப்பது பெண்ணுக்குப் பாதுகாப்பன்றோ, வாய்ச்சொல்லை நம்பி ஏமாறாது சட்டத்தால் அவனைக் கட்டிவிடலாமே என்பர். புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று இது. மணமகன் மணமகளின் பொறுப்பை ஏற்கும் எண்ணத்தோடு கையொப்பமிடின் அது பாதுகாப்பே. அவன் அதனை ஒரு நிச்சயமாகவே எண்ணிக் கையொப்பமிடின், கட்டப்படுபவள் அவள் மாத்திரமே. அவன் வேறு நாட்டில் வேறு வாழ்வு வாழ்கின்றான், அவள் வேறொருவனை மணக்கவும் இயலாது நிற்கின்றாள். கோடு ஒரு பக்கத்தை மட்டும் வளைக்குமாயின் அதனை வரைவு என்று எங்ஙனம் கூறுவது?

சிறுவீட்டார் பெருஞ்செலவுக்கு அஞ்சி எழுத்தோடு அமைவதை யான் குறைகூற வரவில்லை. பதிவாளர் முன் எழுதி, அன்று மாலையே இருவரும் ஒரு வீட்டில் விளக்கேற்றி வாழத் தொடங்கினரேல், அதனினும் செம்மையான கலியாணம் வேறில்லை. அகநானூற்று 86ஆம் பாட்டிற் காணப்படும் திருமணத்திலும் தீவலம் இல்லை. உழுந்துப் பொங்கலும், மணல் பரப்பிய பந்தரும், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துதலுமே உள. எளிமை குற்றமன்று. என்ன செய்கின்றோம் என்பதை அறியாது செய்தலே குற்றம்.

வரைவு என்ற சொல்லை அழைப்பிதழ்களில் மீண்டும் அச்சிடுக என்று நான் வற்புறுத்துவேன் எனச் சில நண்பர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அது நகைப்புக்கே இடமாகும்; 'என் மகளின் வரைவு' என்று கண்டால் இக்காலத்தார் மகளின் முதற்படி என்று வாசித்துவிடுவர். சொல்லுக்கும் ஆயுள் உண்டு. கந்தோரிற் குடிபுகுந்த சொல்லை மணப்பந்தலுக்குத் திருப்பி அழைத்தல் எளிதன்று. யான் வேண்டுவன வேறு. எழுத்தை நிச்சயதார்த்தம் என்று அழைத்தலை நிறுத்துவோம். நிச்சயம் செய்வோர் வெற்றிலை மாற்றி, மோதிரம் இட்டு, நாள் குறித்து அமைக. குலைந்தாலும் கோடேற வேண்டியதில்லை. எழுதுவோர் தாலிக்கு அணுக்கமாக எழுதுக. விசா கருதி முந்தி எழுதவேண்டுமாயின், அன்றே தாலியும் கட்டுக. அதற்கும் வழியில்லையேல், எப்போது என்ற நாளைப் பெண்வீட்டார் நாணமின்றிக் கேட்டறிக. கேட்டற்கு உரிமையுண்டு. நம் இலக்கணத்தில் அதற்கென ஒரு துறையே உண்டு.

பழைய மாணவருள் விவாகப் பதிவாளராய் இருந்தோரும் சட்டத்தரணிகளும் பலர். இவர்களுக்கு அப்பாலும், நம்மில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் என்றேனும் ஓர் எழுத்துக்குச் சாட்சியாகக் கையொப்பமிட்டிருப்போம். பதிவுக்கு இரு சாட்சிகள் வேண்டும். உறவினர் வீட்டில் நம்மை அழைத்து, பேனாவைக் கையிற் கொடுத்து, இங்கே போடுங்கள் அண்ணை என்பர். போட்டுவிட்டுப் பலகாரம் உண்டு திரும்புவோம். அடுத்த முறை அவ்வாறு அழைக்கப்படுவோர், கையொப்பமிடுதற்கு முன் பிள்ளையைச் சற்று அப்பால் அழைத்து, "தங்கச்சி, இது நிச்சயமா கலியாணமா, உனக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்பாராக. அவ்வினாவையே மாப்பிள்ளையிடமும் தனியே கேட்பாராக. இரு விடையும் ஒன்றாய் இருப்பின் கையொப்பம் இடலாம்.